எச்சமாய் நிற்கும் இயந்திரம்

(மாளிகாவத்தையிலிருந்து பயிற்றப்பட்ட தமிழாசிரியர் ஒருவர் எழுதுவது)

2025ஆம் ஆண்டு பெப்ருவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் ஒருங்கே மின்சாரத்தை இழந்தது. பாணந்துறைத் துணைமின் நிலையத்தினுள் புகுந்த குரங்கொன்றே காரணம் என்று துறைக்குரிய அமைச்சர் கூற, நாடெங்கும் நகைப்பு எழுந்தது. நகைத்தவருட் பலர் கவனியாத செய்தி ஒன்றுண்டு. குரங்கு விளைத்த கேடு ஒரு கணத்தில் முடிந்தது. அதிலிருந்து மீண்டெழும் வேலையோ பல நாட்களுக்கு நீண்டது. நீர்மின் நிலையங்கள் பிறிதோர் இடத்து மின்சாரத்தை எதிர்பாராது தாமே எழவல்லன. அவற்றைக் கைப்பிடியாகக் கொண்டே ஏனையவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்புதல் வேண்டும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் 300 மெகாவாற் வலுவுடைய மூன்று பொறிகளும் ஒருசேர நின்றுவிட்டமையால், அடுத்துவந்த நாட்களிலும் ஒன்றரை மணிநேர மின்வெட்டை நாம் பொறுக்க நேர்ந்தது. எதனை இணைத்தாயிற்று, எதனை இன்னும் இணைக்கவில்லை, அடுத்து எழுப்பவேண்டியது எது என்னும் கணக்குப் பிழையாதிருந்தாலன்றி இத்தகைய மீட்சி கைகூடாது.

விளக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. மின்சாரம் மீண்டதும் அது எரியும். முன்பு எங்கே நின்றோம் என்று அது நினைவுகூர வேண்டியதில்லை. மின்விசிறியும் அவ்வாறே. பாதி வேலையில் மின்சாரத்தை இழந்த கணினி அத்தன்மையதன்று. தான் செய்து முடித்தது யாது, முடியாது விட்டது யாது என்பதை எங்கேனும் எழுதிவைத்திருந்தாலன்றி, விழித்தெழுந்தபின் அஃது ஒன்றும் அறியாது. 2016 மார்ச் 13, 2020 ஓகஸ்ட் 17, 2021 டிசெம்பர் 3 என நாடு முழுவதும் இருண்ட நாட்களையும், 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரமின்றி இருந்த காலத்தையும் கண்ட நமக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் பிரச்சினையன்று; நம் பாடசாலைகளின் கணினிக் கூடங்களைத் தொடும் பிரச்சினை. யூபிலி ஆண்டில் கல்லூரிக்கு யாது கொடுக்கலாம் என்று பழைய மாணவர் பலர் எண்ணும் வேளையில், கொடுக்கும் பொருளைக் காட்டிலும் அது கொடுக்கப்படும் முறையைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

தமிழாசிரியனுக்குக் கணினிக் கூடத்தில் என்ன அலுவல் என்று வினவுவோர் இருப்பர். கொழும்பின் சிறிய தமிழ்மொழிப் பாடசாலைகளில் கூடத்தின் திறப்பு யார் கையில் இருக்கின்றதோ அவரே அதன் பொறுப்பாளர். தமிழாசிரியர் கைக்கும் அது வந்து சேர்வதுண்டு. மாளிகாவத்தைத் தொடர்மாடிகளிலிருந்து வரும் பிள்ளைகளுட் பலர்க்கு வீட்டிலே கணினி இல்லை. கைப்பேசி உண்டு, அதிலே நீண்ட கட்டுரை எழுதுவதும் செய்நிரல் எழுதிப் பழகுவதும் எளிதன்று. கூடம் மூடிக்கிடக்கும் ஒவ்வொரு வாரமும் அவர்களுக்கு வீணே கழிந்த வாரம்.

சேவையகக் கணினி என்பது கூடத்திலுள்ள ஏனைய கணினிகளுக்குப் பொதுப் பண்டசாலை போன்றது. மாணவர் கணக்குகள், அவர்தம் ஒப்படைகள், பழைய வினாத்தாள்கள், ஆசிரியர் ஆக்கிய பாடக் குறிப்புகள் யாவும் அதிலே இருக்கும். வெறும் இயந்திரத்தை இந்நிலைக்குக் கொண்டுவரப் பற்பல சிறு செயல்கள் வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் தட்டாது, ஒரு கோப்பிலே வரிசையாக எழுதி இயந்திரத்திடம் ஒப்படைத்தால் அது தானே செய்துகொள்ளும். அந்தக் கட்டளைத் தொடரைக் கணினித் துறையினர் ஸ்கிரிப்ட் என்பர். நல்ல ஏற்பாடே. ஆயினும் இடையிலே இயந்திரம் ஒருமுறையோ இருமுறையோ நின்று மீளத் தொடங்க நேரிடும். பணிசெயல் முறைமையின் கேர்னல் எனப்படும் கருப்பகுதி புதுப்பிக்கப்பட்டால், பழையது நீங்கிப் புதியது வந்தமர்வதற்கு மீளத் தொடங்குதலே வழக்கமான வழி. விண்டோஸிலும் கணினியின் பெயரை மாற்றினால் அவ்வாறே கேட்கும். மீளத் தொடங்கும்போது, ஓடிக்கொண்டிருந்த கட்டளைத் தொடரும் உடன் மடிந்துபோகும். விட்ட இடத்திலிருந்து அது தானே எழுந்து தொடருமா என்பதே நம் வினா.

நகரின் இப்பகுதியிலுள்ள பாடசாலை ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுகின்றேன், பெயர் வேண்டா. வெளிநாட்டில் நற்பதவி வகிக்கும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்து சேவையகக் கணினி ஒன்றை அன்பளிப்புச் செய்தார். தாமே எழுதிய கட்டளைத் தொடரையும் கொண்டுவந்து ஓட்டினார். நடுவிலே இயந்திரம் மீளத் தொடங்கியது, தொடர் எழவில்லை. அன்றிரவு அவர்க்கு விமானம். எஞ்சியவற்றை ஆசிரியர் ஒருவர் தமக்குத் தெரிந்தவாறு கையால் ஒட்டுப்போட்டுக் கொடுக்க, ஒரு தவணை முழுவதும் மாணவர் தம் ஒப்படைகளை அதிலே சேமித்துவந்தனர். தவணை முடிவிலே, எஞ்சிய குறைகளைத் தீர்க்கவேண்டித் தொலைபேசியிற் கேட்டபோது, 'முதலிலிருந்து மறுபடி ஓட்டுங்கள். சரியாகிவிடும்' என்று விடை வந்தது. ஓட்டினார்கள். அத்தொடரின் முதற் சில வரிகளுள் ஒன்று, தரவு வட்டைத் துப்புரவாக்கிப் புதிதாக அமைக்கும் வரி. வெறும் இயந்திரத்துக்கு அது தக்க வரியே. ஒரு தவணைக் காலத்து எழுத்தைத் தாங்கியிருந்த வட்டுக்கோ அது தீ. அவ்வொப்படைகள் பின்னர்க் கிடைக்கவேயில்லை. 'எங்கள் வேலையை யார் அழித்தது, சேர்?' என்று தரம் 10 மாணவி ஒருத்தி கேட்டாள். அழித்தவர் என்று சுட்டுவதற்கு ஒருவருமில்லை. கொடுத்தவர் அன்பினாற் கொடுத்தார். ஓட்டியவர் சொன்னபடி ஓட்டினார். வேறொரு வட்டிலே படியெடுத்து வைத்திருக்கலாகாதா எனின், வைத்திருக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள். யான் ஈண்டுச் சுட்டுவது கட்டளைத் தொடர் எழுதப்பட்ட முறையில் இருந்த குற்றத்தையே.

இலக்கணம் கற்றோர்க்கு இந்நிலை புதிதன்று. 'திறந்து', 'செய்து', 'நிறுவி' என்பன வினையெச்சங்கள். அவை ஒரு முற்றை வேண்டி நிற்பன. 'மாணவன் ஏட்டைத் திறந்து' என்று சொல்லி நிறுத்தினால், கேட்போர் மேலே என்ன என்று காத்திருப்பர். 'படித்தான்' என்னும் முற்று வந்தபின்னரே வாக்கியம் அடங்கும். நடுவிலே நின்ற கணினி எச்சத்திலே நிறுத்தப்பட்ட வாக்கியம். ஒரு வேறுபாடு உண்டு. வாக்கியத்தைக் கண்ட மாத்திரத்தில் அஃது எச்சமா முற்றா என்று நாம் அறிவோம். இயந்திரமோ எழுதிவைத்தாலன்றி அறியாது.

இதனை நன்குணர்ந்தவர்கள் டெபியன் என்னும் பணிசெயல் முறைமையை ஆக்கியோர். 1993இல் தொடங்கிய அம்முறைமையில், மென்பொருட் பொதிகளை நிறுவும் டிபிகேஜி என்னும் செய்நிரல், ஒவ்வொரு பொதிக்கும் அதன் நிலையைக் கோப்பொன்றிற் குறித்துவைக்கின்றது. பாதி நிறுவியது, விரித்து மட்டும் வைத்தது, பாதி ஒழுங்கமைத்தது, நிறுவி முடிந்தது என்னும் பொருள்படும் பெயர்கள் அங்கே உள்ளன. இடையில் மின்சாரம் போய் மீண்டால், மறுமுறை புது வேலை கொடுக்கும்போது அது மறுத்து, முன்னை வேலை குறையாய் நிற்கின்றது, அதனை முடிக்கும் கட்டளையை முதலில் இடுக என்று நமக்கே அறிவுறுத்தும். டெபியனை அடியாகக் கொண்டு 2004இல் எழுந்த உபுண்டுவிலும் அவ்வழக்கமே. எச்சத்துக்கு எச்சம் என்றே பெயரிட்டு எழுதிவைக்கும் அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. 'பாதி ஒழுங்கமைத்தது' என்று தன்னைப்பற்றித் தானே எழுதிக்கொள்ள எத்தனை மனிதர்க்கு மனம் வரும்?

எழுதிவைத்தல் வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். எப்போது எழுதுவது, வேலைக்கு முன்னரா பின்னரா என்பதிலேதான் நுட்பம் இருக்கின்றது. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். தாளைக் கையில் எடுத்தவுடனேயே 'திருத்தியாயிற்று' என்று பட்டியலிற் குறித்துவிட்டு அவர் திருத்தத் தொடங்குகின்றார். அந்நேரத்தில் அதிபர் அழைக்கின்றார். திரும்பி வந்து பட்டியலைப் பார்த்தால், அத்தாள் முடிந்ததாகவே இருக்கும். அப்பிள்ளையின் விடை என்றுமே திருத்தப்படாது. மற்றோர் ஆசிரியர் திருத்தி முடித்த பின்னரே குறிக்கின்றார். திருத்தலுக்கும் குறித்தலுக்கும் இடையில் அவரை அதிபர் அழைத்தால், திரும்பி வந்து அத்தாளை மறுபடியும் திருத்துவார். ஒரு தாளின் உழைப்பு வீண், பிள்ளைக்கோ இழப்பில்லை.

விண்டோஸிலே இவ்விரண்டு ஆசிரியரும் உளர். மீளத் தொடங்கியபின் ஒருமுறை மட்டும் ஓடவேண்டிய கட்டளையை எழுதிவைப்பதற்கு 'ரன் வன்ஸ்' என்னும் இடமொன்று அதன் பதிவேட்டில் உண்டு. அங்கே எழுதிய கட்டளையை, ஓட்டுவதற்கு முன்னரே அழித்துவிடுவது அதன் இயல்பு. கட்டளையின் பெயருக்கு முன்னே வியப்புக்குறி ஒன்றை இட்டால், ஓடி முடிந்த பின்னரே அழிக்கும். ஒரு வியப்புக்குறி! நிறுத்தக்குறிகளைப் பொருட்படுத்தாத மாணவர்களுக்கு இதனைக் காட்டுவது என் வழக்கம். முன்னரே அழிப்பதற்கும் நியாயம் உண்டு. பழுதுற்ற கட்டளையொன்று ஒவ்வொரு தொடக்கத்திலும் மீண்டும் மீண்டும் வந்து நில்லாது. ஆயினும் பாடசாலைச் சேவையகத்தை அமைக்கும் வேலைக்கு இரண்டாம் ஆசிரியரின் வழியே ஏற்றது என்பது என் துணிபு.

மூன்றாவது வழி உண்டா என்று கேட்கலாம். செய்வது ஒரு செயல்; செய்தேன் என்று எழுதுவது மற்றொரு செயல். இரண்டுக்கும் நடுவே ஒரு கணமேனும் இருந்தே தீரும். நூறு முறையில் ஒருமுறை அக்கணத்திலேயே மின்சாரம் போகும். ஆகவே ஒரு செயல் விடுபட்டுப்போவதையோ, இருமுறை செய்யப்படுவதையோ நாம் ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும். இருமுறை செய்யப்படுவதை ஏற்று, இருமுறை செய்தாலும் தீங்கு வாராதவாறு ஒவ்வொரு செயலையும் எழுதிக்கொள்வதே அறிவுடைமை. மேற்சொன்ன பாடசாலையில் வட்டு அழிந்தது இவ்வொன்று இல்லாமையாலேதான்.

அவ்வாறு எழுதுவது எங்ஙனம்? இங்கும் நம் இலக்கணமே துணை. ஏவல் வேறு, வியங்கோள் வேறு. 'செய்', 'சேர்', 'ஆக்கு' என்பன ஏவல். முன்னிலையில் நிற்பவனை ஒரு செயலுக்கு முடுக்குவன. 'வாழ்க', 'இருக்க', 'அமைக' என்பன வியங்கோள். மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் பொதுவாய் நின்று, இன்னது இவ்வாறு ஆகவேண்டும் என்று விதிப்பன. கட்டளைத் தொடர் எழுதுவோர் பெரும்பாலும் ஏவலிலேயே எழுதுகின்றனர். 'மாணவர் என்னும் பயனர்க் குழுவை ஆக்கு' என்பது ஏவல். முதன்முறை நன்று. இரண்டாம் முறை, அக்குழு ஏற்கெனவே உளது என்று இயந்திரம் பிழை காட்டும். பிழை கண்டால் நின்றுவிடுமாறு எழுதப்பட்ட தொடராயின், எத்தனை முறை ஓட்டினும் அவ்விடத்தை விட்டு அசையாது. 'இந்தக் கோப்பின் ஈற்றில் இவ்வரியைச் சேர்' என்பதும் ஏவலே. மூன்று முறை ஓட்டினால் மூன்று வரி. 'வட்டைத் துப்புரவாக்கு' என்னும் ஏவலின் பயனை முன்னரே கண்டோம்.

இவற்றை வியங்கோளாக்குக. 'மாணவர் என்னும் குழு இருக்க.' இல்லையேல் இயந்திரம் ஆக்கும். இருந்தால் வாளா கடந்து செல்லும். 'இவ்வரி கோப்பில் ஒருமுறை காணப்படுக.' 'தரவு வட்டு அமைக்கப்பட்டதாய் இருக்க.' முன்னே பார்த்துப் பின்னே செய்வது என்பதே இதன் உட்பொருள். ஒருவரை 'வாழ்க' என்று இருமுறை வாழ்த்தினால் அவர்க்கு இரண்டு வாழ்நாள் வந்துவிடுவதில்லை அன்றோ? 2012இல் வெளிவந்த அன்சிபிள் போன்ற கருவிகள் பெரிதும் இந்நெறியிலேயே அமைந்தவை. இன்னது இருக்கவேண்டும் என்று அவற்றிற் சொல்கின்றோம், செய்யவேண்டுமா என்பதை அவை பார்த்துக்கொள்கின்றன. அவற்றில் இன்னொரு வசதியும் உண்டு. அன்சிபிள் வேறொரு கணினியில் இருந்துகொண்டு சேவையகத்தை இயக்குவது. 2018 முதல், சேவையகத்தை மீளத் தொடங்கச் செய்து, அஃது எழும்வரை வெளியே காத்திருந்து, எழுந்தபின் அடுத்த வேலையைத் தொடரும் பகுதியும் அதில் உண்டு. வெளியே காத்திருப்பதற்கு ஆசிரியர் ஒருவரின் பழைய மடிக்கணினியே போதும்.

எல்லாவற்றையும் வியங்கோளாக்க இயலும் என்று சொல்லுதல் மிகையாகும். மாணவர்க்குக் கடவுச்சொற்களை உருவாக்கித் துண்டுச் சீட்டிலே அச்சிட்டு வழங்கும் வரி ஒன்று இருக்கின்றது என்று கொள்வோம். அது மறுபடி ஓடினால் புதுச் சொற்கள் பிறந்து, பிள்ளைகள் கையிலுள்ள சீட்டுகள் யாவும் பயனற்றுப்போம். இத்தகைய செயல்களுக்குக் குறிப்பு இன்றியமையாதது. செய்யத் தொடங்குமுன் குறிப்பைப் பார்த்தலும், முடித்தவுடன் குறித்தலும் வேண்டும். கிளவுட்-இனிட் என்னும் கருவி தன் வேலைகளை இதற்காகவே வகுத்து வைத்திருக்கின்றது. இவ்வியந்திரத்துக்கு ஒருமுறை செய்வது ஒரு வகை. ஒவ்வொரு தொடக்கத்திலும் செய்வது மற்றொரு வகை. சேர்வு இடாப்பில் ஒரு பிள்ளையின் பெயர் ஒருமுறை ஏறும். வரவு இடாப்பில் நாள்தோறும் குறி விழும். இரண்டையும் மயக்கும் ஆசிரியரைக் கல்லூரி பொறுக்காது.

குறிப்பை எங்கே வைப்பது என்பதிலும் பலர் வழுக்குகின்றனர். தற்காலிகக் கோப்புகளுக்குரிய இடத்தில் வைத்தால், பல முறைமைகளில் மீளத் தொடங்கும்போதே அது துடைக்கப்பட்டுவிடும். நினைவூட்டுக் குறிப்பைக் கரும்பலகையில் எழுதிவைத்து, காலையில் பலகை துடைக்கும் மாணவனை நோவதற்கு ஒப்பாகும் அது. நிலையான வட்டிலே வைத்தல் வேண்டும். அங்கும் பழைய குறிப்பின் மேலேயே எழுதினால், பாதி எழுதும்போது மின்சாரம் போய்க் குறிப்பே எச்சமாகிவிடக்கூடும். ஆதலின் புதுத் தாளில் முழுதும் எழுதி, அது வட்டிலே சேர்ந்ததை உறுதிசெய்து, பின்னர்ப் பழைய தாளின் பெயரை அதற்கு இடுவர். பெயர் மாற்றம் ஒரே நொடியில் முழுதும் நிகழும், அல்லது நிகழாதே விடும், பாதியில் நில்லாது.

இதற்கு மாறான இயல்புடையது பூட்டு. ஒரே தொடர் ஒரே வேளையில் இருமுறை ஓடாதிருக்க, 'நான் ஓடிக்கொண்டிருக்கின்றேன்' என்று ஓர் அடையாளத்தை வைப்பர். மாளிகாவத்தையில் புகையிரதத் தரிப்பிடத்தின் ஓசையோடு வாழ்பவர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. மலைநாட்டு ஒற்றைப் பாதையில் வேரூன்றிய டெப்லட் முறை அதுவே. குறித்த பகுதிக்குரிய வில்லை சாரதியின் கையில் இருந்தாலன்றி வண்டி அப்பகுதிக்குட் செல்லலாகாது. ஒரு வில்லை வெளியே இருக்கும்வரை பொறி மறு வில்லையை வெளிவிடாது. கணினியின் பூட்டும் இவ்வாறே ஒருவரை மட்டும் உள்ளே விடும். ஆனால் புகையிரதம் நடுவழியில் நின்றாலும் வண்டி அங்கேயே இருக்கும், ஆகவே வில்லை வெளியே இருப்பது முறை. கணினி மீளத் தொடங்கினாலோ, ஓடிக்கொண்டிருந்த தொடர் இல்லாதொழியும். வில்லை மட்டும் எஞ்சியிருந்தால், இல்லாத வண்டிக்காகப் பாதை என்றும் மூடிக்கிடக்கும். எனவே பூட்டை அழியும் இடத்தில் வைக்க. குறிப்பை அழியாத இடத்தில் வைக்க. பலர் இதனை மாற்றிச் செய்துவிட்டு, 'மீளத் தொடங்கினால் வேலை செய்யாது' என்று இயந்திரத்தின்மேற் பழி போடுகின்றனர்.

1969ஆம் ஆண்டு யூலை 20இல் அப்பொல்லோ 11 சந்திரனில் இறங்கியபோது, அதன் கணினி 1202 என்னும் எச்சரிக்கையைக் காட்டியது பலர் அறிந்ததே. வேலைப்பளு மிகுந்து, அக்கணினி இறங்கும் வேளையிலேயே சிலமுறை தன்னை மீளத் தொடங்கிக்கொண்டது. ஆயினும் இறங்குதல் நிற்கவில்லை. ஒவ்வொரு முக்கிய வேலையும் எந்தக் கட்டத்தில் நிற்கின்றது என்னும் அட்டவணை நினைவகத்தில் இருந்தமையால், மீண்டெழுந்ததும் இன்றியமையாதவற்றை அக்கட்டத்திலிருந்து தொடர்ந்து, ஏனையவற்றைக் கைவிட்டது. கட்ட எண்ணை ஒருமுறை நேராகவும் ஒருமுறை எதிர்மாறாகவும் எழுதிவைத்து, இரண்டும் பொருந்தினாலன்றி அக்குறிப்பை நம்பாதவாறு அதனை அமைத்திருந்தனர். மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தாரின் அவ்வேலைப்பாடு, இன்றைய கைக்கடிகாரத்துக்குள்ள வலுவுமில்லாத கணினியிற் செய்யப்பட்டது. இதற்கு மறுதலையானது 2024 யூலை 19இல் நிகழ்ந்தது. குரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பழுதுற்ற கோப்பொன்றைத் தொடக்கத்திலேயே ஏற்று வீழ்ந்து, மீண்டெழுந்து, அதே கோப்பை மறுபடி ஏற்று வீழ்ந்த கணினிகள் உலகெங்கும் 85 இலட்சம் என மைக்ரோசொப்ட் மதிப்பிட்டது. அவற்றுட் பலவற்றை மனிதர் சென்று ஒவ்வொன்றாகக் கையால் மீட்க வேண்டியதாயிற்று. மீண்டெழுதல் மட்டும் போதாது. இவ்விடத்தில் எத்தனை முறை வீழ்ந்தோம் என்னும் எண்ணிக்கையும் வேண்டும். ஒரே படியில் மூன்று முறை முயன்றும் முடியாவிடின், தொடர் தன்னை நிறுத்தி, திரையிலே ஒரு வரி எழுதி, மனிதரை அழைக்கட்டும்.

நண்பர்கள் கூறும் தடைகள் சில உண்டு. நல்ல யூ.பி.எஸ். ஒன்று வாங்கிவைத்தால் இத்தனை நுட்பமும் எதற்கு என்பது ஒன்று. வாங்குக, வேண்டாம் என்பாரில்லை. ஆனால் கருப்பகுதியைப் புதுப்பித்தபின் இயந்திரம் தானே விரும்பி மீளத் தொடங்குகின்றதே, அதனை எந்த யூ.பி.எஸ். தடுக்கும்? மேற்சொன்ன பாடசாலையில் அன்று மின்சாரம் போகவேயில்லை. மற்றொரு தடை வலிது. குறையாய் நின்ற இயந்திரத்தை ஒட்டுப்போடுவதைவிட, முழுதும் அழித்து முதலிலிருந்து அமைப்பதே தூய்மையானது என்பர் வல்லுநர். மாணவர் அமரும் கணினிகளைப் பொறுத்தவரை யானும் அவர் பக்கமே; அவற்றில் இழக்கத்தக்கது ஒன்றும் வைக்கலாகாது, அரை மணியில் அழித்து எழுதிவிடலாம். சேவையகத்தையும் முதல் நாளில் அவ்வாறே செய்க. பிள்ளைகளின் எழுத்து அதிலே ஏறிய மறுநாள் தொடங்கி அவ்வழி அடைபட்டது. வல்லுநர்கள் பெருநிறுவனங்களில், தரவை வேறோரிடத்திற் காத்துவைத்துக்கொண்டு பேசுகின்றார்கள். நம் கூடத்தில் இருப்பதோ ஒரே பெட்டி.

பழைய மாணவர் சங்கத்தினர்க்கு என் வேண்டுகோள் இதுவே. இயந்திரத்தோடு கட்டளைத் தொடரையும் நன்கொடையின் ஒரு பகுதியாகக் கொள்க. கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். அது கணினியின் மொழி. ஒவ்வொரு கட்டளைக்கு மேலும் அஃது எதற்காக, இருமுறை ஓடினால் யாதாகும் என்னும் இரு வரிகளைத் தமிழில் எழுதுக. உயர்தர மாணவர் அதனை வாசித்து, ஏவலாய் நிற்கும் வரி ஏதேனும் உளதா என்று தேடட்டும். தமிழ்ப் பாடத்துக்கும் தகவல் தொழினுட்பப் பாடத்துக்கும் அஃது ஒருங்கே பயிற்சியாகும். முடிந்தனவற்றின் பட்டியலை இயந்திரம் எங்கே எழுதிவைக்கின்றது என்பதை ஒரு தாளில் எழுதி, பெட்டியின் பக்கத்திலேயே ஒட்டுக.

ஒப்படைக்கும் நாளில் படம் பிடிப்பதற்கு முன்னர் ஒரு சோதனை நிகழ்க. இயந்திரம் புதியது, அதிலே இழப்பதற்கு ஒன்றுமில்லை, ஆகவே சோதிக்கத்தக்க நாள் அதுவே. தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது தரம் 10 மாணவர் ஒருவர் மின்செருகியைப் பிடுங்கட்டும். எந்த நொடியில் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். மூன்று முறை பிடுங்கி மூன்று முறை செருகுக. நன்கொடையாளர் கைகட்டி நிற்க. விசைப்பலகையை அவர் தொடலாகாது. இயந்திரம் தானே எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, இறுதி வரியை அடைந்தால் மாலையிட்டு ஏற்றுக்கொள்வோம். இல்லையேல் தொடரைத் திருத்திக்கொண்டு மறுநாள் வருக. இவையெல்லாம் அவர் ஏறவேண்டிய விமானத்துக்கு மூன்று நாட்களேனும் முன்னதாக நிகழ்க.